ஆடிட் நாளில் மலைக்குப் போனவர்கள்

வேலை நேரத்தில் ஒருத்தர் சும்மா நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கு எரிகிறதா? எனக்கும் எரிந்தது. பென்னலூரில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த காலம் முழுக்க எரிந்துகொண்டே இருந்தது. புதிதாக சூப்பர்வைசர் சட்டை மாட்டியிருக்கும் உங்களுக்கு, வேலை நேரத்தை எப்படி வீணாக்காமல் இருப்பது என்று நான் சொல்ல வேண்டுமாம். என்னைவிடப் பொருத்தமில்லாத ஆளை, இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் தேடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நேரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை அசிங்கப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெரிய கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். ஒரகடம் பக்கம் இன்னும் பாதி நிலம் முள்ளு மண்டிக் கிடந்தது. எங்களுடையது தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். கார் கம்பெனிக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்பு பார்ட்டுகளை அடித்துக் கொடுத்தோம். பிரஸ்ஸில் ஆண்கள். ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்துப் பேக் பண்ணுவது பெண்கள். பெண்கள் எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள், ஆண்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, விருதுநகர் பக்கமிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியவர்கள். ஷெட்டின் மூலையில் படியேறிப் போனால் முதலாளியின் கேபின். அதில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அங்கே உட்கார்ந்தால் கீழே ஒருத்தன் காது குடைவதுகூடத் தெரியும்.

முதலாளி கெட்டவர் இல்லை. லேத்தில் நின்று வேலை பார்த்து மேலே வந்தவர். மனுஷன் கை ஓய்ந்திருப்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது. அவரிடம் தொழில் கற்ற எனக்கும் அதே வியாதி.

ஒருநாள் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஒரு இளம் அதிகாரி ஆடிட்டுக்கு வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். மரியாதையான பிள்ளை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேபினில் உட்கார்ந்து, கீழே எந்த நேரம் பார்த்தாலும் நாலைந்து பேர் நின்றுகொண்டே இருக்கிறார்கள், அது ஏன் என்று பாருங்கள் என்றார். அடுத்த முறை வரும்போது அது சரியாகியிருந்தால் புது மாடல் காருக்கான பார்ட்ஸ் எங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. பழைய மாடல் எப்போது நிற்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அது நின்றால் எங்கள் ஷட்டரும் இறங்கிவிடும். அதற்கு மேல் அவர் மிரட்டத் தேவையே இல்லை.

அவர் கேட்டது, ஏன் நிற்கிறார்கள் என்று. நாங்கள் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டது, நிற்கிறவர்களை எப்படி அவர் கண்ணில் படாமல் வைப்பது என்று.

யோசனை என்னுடையது. முதலாளி தலையில் கட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் என்னுடையதுதான். ஆடிட் நாளன்று ஆட்களில் ஒரு பங்கைக் கம்பெனி வேனில் ஏற்றி குன்றத்தூர் மலைக்கு சாமி கும்பிட அனுப்பிவிடலாம் என்றேன். அன்றைய சம்பளமும் உண்டு, சாப்பாடும் உண்டு. அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் தலை எண்ணிக்கை குறைந்த மாதிரி இருக்கும். முதலாளி என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

யாரை அனுப்புவது என்பதை என் கையில் விட்டார். இங்கேதான் நான் நல்லவனாகப் பார்த்தேன். லீவே எடுக்காதவர்களாக, வேலையில் ஒரு சொல் வாங்காதவர்களாகப் பொறுக்கி எடுத்தேன். முதல் ஆள் தனலட்சுமி. பிசிறு எடுக்கும் பெஞ்சில் இருந்தவள். மகளுக்குப் பல வருஷம் கழித்துக் குழந்தை உண்டானபோது, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் குன்றத்தூர் முருகனுக்கு முடி கொடுக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். குழந்தை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது, இவள் இன்னும் மலையேறவில்லை. ஒவ்வொரு தடவை லீவு கேட்டபோதும், லோடு போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். இன்னொருவன் மாரிமுத்து. சங்கரன்கோவில் பக்கம். பிரஸ்ஸுக்குத் தகடு எடுத்துக் கொடுக்கிறவன். பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாமல் முகம் வாடிக்கிடந்தான். இப்படி ஒரு வேன் நிறைய. காரணம் யாருக்கும் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்ததற்கு முதலாளி அனுப்புகிறார் என்றுதான் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள், நம்பாமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது.

ஆடிட் நாள் வந்தது. தரையில் புதிதாக மஞ்சள் கோடு போட்டிருந்தோம், பெயின்ட் சரியாகக் காயாமல் அந்தப் பிள்ளையின் ஷூவில் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார். ஒரு சுற்று பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கேபினில் உட்காரவைத்து, நாள் முழுக்கக் கேள்வி கேட்டார். எங்களால் எழுந்திருக்கவே முடியவில்லை. தொந்தரவு வேண்டாம் என்று போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டோம். டெம்போக்காரனையும் ஆடிட் முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தோம். சாயங்காலம் கணக்குப் பார்த்தால், ஒரு வேன் ஆள் இல்லாமல், என்றைக்கும் வருகிற அதே அளவு உருப்படி வந்திருந்தது. எங்களுக்கே ஆச்சரியம். இப்படித்தான் சார் இருக்கணும் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். புது மாடல் எங்களுக்குத்தான் என்பது அந்தக் கை குலுக்கலிலேயே தெரிந்துவிட்டது.

முதலாளி ஸ்வீட் வாங்கிவரச் சொன்னார். வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார்.

"ஏன்யா, வேன்ல போனவங்க இல்லாமலே ஓடுதே. அப்புறம் அவங்களை எதுக்கு வெச்சிருக்கோம்?"

நான் சிரித்தேன். அதுதான் நான் செய்தது. பாராட்டு வாங்கிய வாயில் இனிப்பும் இருந்தது, சிரிப்புத்தான் வந்தது. மாசக் கடைசியில் அவர்களுக்குக் கணக்கு முடித்துவிடலாம் என்று அவர் சொன்னபோதுதான் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. அப்போதும் நான் பார்க்கலாம் சார் என்றேனே தவிர, வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பிடித்தவர்கள் என்று நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர்கள், அதனாலேயே வேலை போகிறவர்கள் ஆகிவிட்டார்கள்.

படியிறங்கி வரும்போது வேன் உள்ளே வந்தது. எல்லார் நெற்றியிலும் திருநீறு. தனலட்சுமி முழு மொட்டை. தலையில் சந்தனம் பூசியிருந்தாள். இடுப்புவரை தொங்கிய முடி அது, ஷெட்டில் மற்ற பெண்கள் கேலி செய்கிற அளவுக்கு. நேராக என்னிடம் வந்து கையில் பொட்டலத்தை வைத்தாள்.

"உங்க பேருக்கும் அர்ச்சன பண்ணேன் சார். உங்களாலதான் இன்னிக்கி கடன் தீந்துச்சி."

திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன். கை நெற்றிக்குப் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்துவிட்டு, நான் தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. முதலாளி வேறொரு ஷெட் முதலாளியிடம் போனில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. படிக்குக் கீழே பேக் பண்ணிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். மாசக் கடைசியில் கணக்கு முடிப்பதையும் சேர்த்துத்தான். 

மறுநாள் மாரிமுத்து வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று வந்து நின்றான். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, அவசரப்படாதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவன் கோபமே படவில்லை. "அவிய போகச் சொல்லுத வரைக்கும் நிக்கணுமா சார்? நாமளே போயிரலாம்லா" என்றான். யாருக்கும் தெரியாமல் போகவில்லை, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். முதலாளியிடமும் போய் வணக்கம் சொன்னான்.

தனலட்சுமி மட்டும் ஒன்றும் கேட்காமல் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் பக்கம் போனபோது, பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். தலைக்கு ஒரு துண்டு கட்டியிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. எங்கள சாமி கும்புட அனுப்பினீங்களா, இல்ல ஒளிச்சி வெச்சீங்களா?"

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். "அப்படியெல்லாம் இல்லம்மா, ஆடிட்டு இருந்ததுல..." என்று இழுத்தேன்.  சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. அவள் சரி சார் என்று உட்கார்ந்துவிட்டாள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் நடுவில் அவ்வளவு சின்னவனாக நான் நின்றதே இல்லை.

அதற்குப் பிறகுதான், அந்த அதிகாரி முதலிலேயே கேட்ட கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தேன். நல்ல எண்ணத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கண்ணில் படாமல் இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூலைப் போட்டு ஷெட்டின் ஓரத்தில் உட்கார்ந்தேன், மேலே கேபினுக்கும் போகாமல், யாரையும் கூப்பிடாமல்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வேலையை முடித்துவிட்டு ஒருத்தி நிமிர்ந்தால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முதலாளியின் மணி அடிக்கும். சும்மாதானே நிக்கிற, மேலே வா. கார் துடைக்க ஒருத்தர், கரென்ட் ஆபீஸுக்கு ஒருத்தர், வெல்டிங் ராடு வாங்க ஒருத்தர். டெம்போ எந்த நேரம் வந்தாலும் ஓடுகிற பிரஸ்ஸை நிறுத்திவிட்டு லோடு ஏற்ற நாலு பேர். கார் கம்பெனி ஸ்டோரிலிருந்து ஒரு போன் வந்துவிட்டால் போதும், நானே கீழே ஓடிவந்து இதைப் போடு, அதை நிறுத்து என்று கத்துவேன். டையை, அதாவது தகட்டை அடிக்கிற அச்சை, கழற்றி மாற்றுகிற வரைக்கும் அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் நிற்பார்கள். அப்படி நிற்பவர்களைப் பார்த்து மறுபடியும் மணி அடிக்கும். இது இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்தது, அதற்கு நான் ஒழுங்கு என்று பேர் வைத்திருந்தேன்.

வேலையைச் சீக்கிரம் முடித்தால் எடுபிடி வேலை தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாரும் முடிக்கவில்லை. அரை மணியில் எடுக்கிற பிசிறை ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆடிட் நாளன்று மணி அடிக்கவில்லை, போன் வரவில்லை, டெம்போ வரவில்லை, நான் கீழே போய்க் கத்தவில்லை. அதோடு, மலைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே, இருக்கிறவர்கள் கஷ்டப்படக் கூடாது என்று தகடு, பெட்டி எல்லாவற்றையும் அவரவர் கைக்கு எட்டுகிற இடத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அடுக்கலைத்தான் அந்த அதிகாரி பார்த்து மெச்சியது. நாங்கள் அதையும் எங்கள் திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

மாசக் கடைசி நெருங்கியது. கேபினுக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும். படியேறும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் போன், டெம்போ, டை மாற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"விஷயத்துக்கு வாய்யா."

"அன்னிக்கி வேன்ல போனவங்க மட்டும் இல்ல சார், இன்னும் ரெண்டு பேர் ஃப்ளோர்ல இல்ல. அதனாலதான் வேலை ஓடுச்சு."

"யாரு?"

"ஒண்ணு நான் சார்."

இரண்டாவது பேரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். கீழே ஒரு பெண் நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்தாள். அவர் கை பழக்கத்தில் மணிக்குப் போனது, பாதியில் நின்றது. போய்யா, அடுத்த மாசம் வரைக்கும் பார்ப்போம் என்றார். என் தைரியத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான், என் தைரியத்தின் அளவும் அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். வெளி வேலை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஆள் ஒரே நடையில் முடித்து வரச் சொன்னோம். டெம்போவுக்கு ஒரு நேரம் குறித்தோம். போனில் அவசரம் என்று எது வந்தாலும், ஓடுகிற டை முடிகிற வரைக்கும் நான் கீழே இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும், நாற்காலியில் முள் இருக்கும். முதல் சில நாட்கள் ஒன்றும் மாறவில்லை. அவர்கள் எங்களை நம்பவில்லை, பழையபடி தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒருநாள் பெஞ்சில் நாலு பெண்கள் வேலையை முடித்து, அரத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். மேலே திரை விலகியது.  கொஞ்ச நேரத்தில் மணி அடிக்காமலே திரை மூடிக்கொண்டது. அந்த வாரம்தான் உருப்படி ஏற ஆரம்பித்தது, புது மாடல் வந்து இறங்கியபோது ஒரு ஆளைக்கூட அனுப்ப முடியாத அளவுக்கு வேலை இருந்தது. போனது மாரிமுத்து ஒருவன்தான். அவனுடைய இடத்தில் வேலை தெரிந்த ஆளைப் பிடிக்க நாங்கள் அலையாத இடமில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் நீங்கள் கைதட்டுவீர்கள், நானும் ஒரு சால்வையோடு வீட்டுக்குப் போகலாம். நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழியும் இதற்குள் இருக்கிறது: கீழே ஒருவர் நிற்பதைப் பார்த்தால், முதலில் மேலே யார் மணி அடித்தது என்று பாருங்கள். ஆனால் எனக்கு அது அங்கேயே முடிந்துவிடவில்லை.

தனலட்சுமி வேலையில்தான் இருந்தாள். என்னோடு பேசினாள், சிரித்தாள்கூட. ஆனால் அந்தத் தலை என் கண் முன்னாலேயே இருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு குச்சி குச்சியாக முளைத்தபோது துண்டை விட்டுவிட்டாள். காது மூடுகிற அளவு வந்தது, கிளிப் போட்டாள், பிறகு சின்னதாக ஒரு பின்னல். தினமும் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் என் பார்வை முதலில் அங்கேதான் போகும். அது வளர்ந்தால் எல்லாம் மறந்துவிடும் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவளிடம், அன்றைக்கு நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே, எப்படிப் போனாலும் முருகனுக்குக் கொடுத்தது முருகனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று தெரியவில்லை.

வருஷம் இரண்டு ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாளிக்கி ஒரு நாள் லீவு வோணும் சார். குன்றத்தூர் போய்க்கினு வரணும்."

நான் அவசரமாக, தாராளமாகப் போய் வா, சம்பளத்தோடேயே எடுத்துக்கொள், வேண்டுமானால் வேனைக்கூட அனுப்புகிறேன் என்றேன். வாய் முந்திக்கொண்டது. வேன் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. பின்னலை முன்னால் எடுத்து, நுனியைப் பிடித்து ஒரு தடவை நீளம் பார்த்துக்கொண்டாள்.

"வாணாம் சார். பஸ்ல போறேன். சம்பளத்தப் புடிச்சிக்கங்க. போன வாட்டி குடுத்தது கம்பெனி குடுத்தது. நான் இன்னும் குடுக்கல."